பச்சை திரும்பிவிட்டது, மண் திரும்பியதா?

ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், போலந்து எல்லையை ஒட்டி லவுசிட்ஸ் என்றொரு வட்டாரம் இருக்கிறது. கோடைக்காலத்தில் அங்கே மெல்லிய டயர் போட்ட ரோடு சைக்கிள்கள் நிறையப் போகும். சமதளமான தரை, வழவழப்பான தார்ப்பாதை. பல இடங்களில் கார், லாரி தொல்லையே கிடையாது. இருபுறமும் பைன் மரங்கள், நடுநடுவே நீல நிற ஏரிகள். சென்ஃப்டன்பெர்க் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் சுமார் 18 கிலோமீட்டர். வட்டாரம் முழுவதையும் பார்க்க வேண்டுமென்றால், பியூக்லர் என்ற பழைய இளவரசரின் பெயரில் சுமார் 500 கிலோமீட்டர் சைக்கிள் பாதையே இருக்கிறது.

இந்த ஏரிகள் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரி வெட்டிய குழிகள். சென்ஃப்டன்பெர்க் குழியில் 1967-ல் தண்ணீர் விடத் தொடங்கி, 1972-ல் நிரப்பி முடித்தார்கள். 1980-களின் கடைசியில் இந்த வட்டாரத்தில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி டன் நிலக்கரி எடுத்தார்கள். அதற்காக 130-க்கும் மேற்பட்ட ஊர்கள் முழுமையாகவோ பகுதியாகவோ அழிந்தன. சோர்பிய மொழி பேசும் சிறுபான்மை மக்களின் ஊர்களும் அவற்றில் உண்டு. 1990-ல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான பிறகு பெரும்பாலான சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்தக் குழிகளும் மண்மேடுகளும்தான் இன்று சைக்கிள்காரர்களின் சொர்க்கம்.

தானாக வந்த உயிர்கள்

இயற்கை அங்கே திரும்பியது உண்மை. வானின்ஹென் என்ற இடத்தில் பழைய சுரங்க நிலம் பல ஆயிரம் ஏக்கரை ஓர் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை வாங்கி, பெரும்பகுதியை அதன் போக்கில் விட்டுவிட்டது. இலையுதிர் காலத்தில் பெருங்கொக்குகள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து தங்குகின்றன.

வெல்ட்சோ சுரங்கத்தில் 2005-ல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 6 ஹெக்டேர், அதாவது சுமார் 15 ஏக்கர் நிலத்தில் களிமண்ணைப் பரப்பினார்கள். அதன் மேல் மணலைக் கொட்டினார்கள். பிறகு எதையும் நடாமல், விதைக்காமல் விட்டுவிட்டுக் கவனித்தார்கள். முதலில் களைகள் வந்தன. அடுத்துக் காட்டு குளோவர் போன்ற பயறு வகைச் செடிகள் பரவின. பிறகு ரொபினியா மரங்கள் தலைகாட்டின. அவையும் வேர் முடிச்சுகளில் நைட்ரஜனைச் சேர்ப்பவைதான். வெறும் மணலைத் திருத்த இயற்கையும் பயறு வகையைத்தான் நம்புகிறது. பசுந்தாள் உரத்தின் அருமையை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

பச்சைக்கு அடியில்

சைக்கிளில் போகிறவர் கண்ணுக்கு இது போதும். விவசாயி அடியில் இருக்கும் மண்ணையும் பார்க்க வேண்டும்.

லிஷ்டர்ஃபெல்ட் ஊருக்குப் பக்கத்தில் எஃப்-60 என்ற இயந்திரம் நிற்கிறது. 502 மீட்டர் நீளம். ஈஃபெல் கோபுரம் படுத்துக் கிடப்பது போல இருக்கிறது என்பார்கள். 1991-ல் ஓடத் தொடங்கி 1992-லேயே நின்றுவிட்டது. இப்போது சுற்றுலாப் பயணிகள் ஏறிப் பார்க்கிறார்கள். நிலக்கரிக்கு மேலே 60 மீட்டர் வரை கிடக்கும் மண்ணை வாரி, குழியின் மறுபக்கம் கொட்டுவது அதன் வேலை. ஆழத்து மணலும் மேலடுக்கு மண்ணும் அப்போது ஒன்றாகக் கலந்துவிடும். கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்ந்த மேல்மண் அத்தோடு போயிற்று.

ஆழத்து மண்ணில் பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது இருந்தது. காற்றும் நீரும் பட்டதும் அது கந்தக அமிலமாக மாறும். சில குழி ஏரிகளில் அமில-கார நிலை 3 அளவுக்கு இறங்கியது. புளித்த மோரைவிடக் கடுமையான அமிலம். அதைச் சரிசெய்யக் கப்பலில் சுண்ணாம்பை ஏற்றிப் போய் ஏரியில் தூவுகிறார்கள். பள்ளத்திலிருந்து கசியும் இரும்பு ஸ்பிரே ஆற்றைச் சில இடங்களில் துருநிறமாக்கியிருக்கிறது. பயிர் செய்ய நினைத்த மேடுகளில் அனல்மின் நிலையச் சாம்பலையும் சுண்ணாம்பையும் ஆழமாகக் கலக்க வேண்டியிருந்தது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. சுரங்கம் ஓடியவரை நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். பம்பு நின்றதும் நீர்மட்டம் மேலேறியது. தளர்வாகக் கொட்டிய மணல் நீர் ஊறினால் திடீரென்று கூழாகி ஓடிவிடும். 2010 அக்டோபரில் ஸ்பிரேடால் அருகே அப்படித்தான் பெரும்பரப்பு ஒன்று அமிழ்ந்தது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் பல மாண்டன, லாரிகளும் புதைந்தன. அதன் பிறகு ஏராளமான காடும் வயலும் அடைக்கப்பட்டன. பாதையோரத்தில் 'உயிருக்கு ஆபத்து' என்ற பலகையைச் சைக்கிள்காரர் பார்த்துவிட்டுக் கடந்து போய்விடுவார். பலகைக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்தவர் உழப் போக முடியாது.

ஏழு ஆண்டில் ஒரு வயல்

அதே ஜெர்மனியின் மேற்கே, கொலோன் நகருக்கு அப்பால், இதே பழுப்பு நிலக்கரியை வெட்டுகிறார்கள். அங்கே மேலடுக்கில் இருப்பது லோயஸ் என்ற வளமான வண்டல். அதைத் தனியாக வெட்டி எடுத்து, சுரங்கம் நகர்ந்த பிறகு, வயலாக்கும் நிலத்தில் 2 மீட்டர் கனத்துக்குப் பரப்புகிறார்கள். அதன் பிறகும் உடனே விவசாயி கையில் கொடுப்பதில்லை. முதல் 3 ஆண்டுகள் குதிரை மசால் விதைக்கிறார்கள். அதன் ஆழமான வேர் மண்ணைத் துளைத்து, காற்றோட்டம் தந்து, தழைச்சத்தைச் சேர்க்கிறது. பிறகு தானியப் பயிர். மொத்தம் 7 ஆண்டுகள் பக்குவப்படுத்திய பிறகே நிலம் உழவரிடம் போகிறது.

ஒரே நாடு, ஒரே நிலக்கரி. மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்த இடத்தில் வயல் திரும்பியது. கலந்து கொட்டிய இடத்தில் காடும் ஏரியும் வந்தன, வயல் தடுமாறுகிறது.

நம் பக்கத்துக் குழிகள்

நெய்வேலியில் எடுப்பதும் இதே பழுப்பு நிலக்கரிதான்; மண்ணை வாரும் ராட்சதச் சக்கர இயந்திரங்களும், நிலத்தடி நீரை இறைக்கும் பம்புகளும் கடலூர் மாவட்ட வாசகர்களுக்குப் பழகிய காட்சி. சுரங்கம் இல்லாத ஊரிலும் செங்கல் சூளைக்கும் சாலைப் பணிக்கும் மண் எடுத்த பள்ளம் இருக்கிறது. சில ஆண்டில் அதில் சீமைக் கருவேல் மண்டி, தூரத்திலிருந்து பச்சையாகத்தான் தெரியும். அந்தப் பச்சையை நம்பி யாரும் நெல் நட மாட்டோம்.

உங்கள் நிலத்தில் மண் எடுக்க விடுவதானால் இவற்றைக் கவனியுங்கள்:

• மேலே உள்ள ஓர் அடி மண்ணைத் தனியாக எடுத்துக் குவிக்க வேண்டும், வேலை முடிந்ததும் அதையே மேலே பரப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

• குவித்த மண்ணை உயரமாக அடுக்காமல் தாழ்வாகப் பரப்பி, அதன் மேல் சணப்போ கொளுஞ்சியோ விதையுங்கள். மழையில் கரையாது, உயிர்ப்பும் காக்கப்படும்.

• ஈரமாக இருக்கும்போது கனரக வண்டியை மேல்மண்ணில் ஏற்றாதீர்கள். இறுகிய மண்ணை இளக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

• மண்ணைப் பரப்பிய பிறகு மண் ஆய்வு செய்யுங்கள். அமிலம் என்றால் சுண்ணாம்பு, களர் என்றால் ஜிப்சம். அளவை ஆய்வு முடிவே சொல்லும்.

• முதல் இரண்டு மூன்று பருவம் தக்கைப்பூண்டு, சணப்பு, தட்டைப்பயறு என்று பயறு வகையே போகட்டும். தொழுவுரமும் சேருங்கள்.

• பள்ளத்தில் தேங்கிய நீரை ஆய்வு செய்யாமல் பாசனத்துக்கு இறைக்காதீர்கள்.

ஒரு லோடு மேல்மண்ணுக்குக் கிடைக்கும் விலை அன்றைய செலவுக்குச் சரியாகப் போகும். அந்த மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.