இலேசான துப்பாக்கிதான் அதிகம் உதைக்கும்

எழுபது வயதைத் தொட்டவரிடம் இரண்டு ரிவால்வர்களைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால், பெரும்பாலும் எடை குறைந்ததைத்தான் எடுப்பார். மணிக்கட்டில் வலி, விரல்களில் விறைப்பு, தோளில் தளர்ச்சி. இந்த உடம்போடு கனமானதை எதற்குச் சுமக்க வேண்டும்? கடையில் தூக்கிப் பார்க்கும்போது இந்த எண்ணம் சரியாகத்தான் படும். முதல் தோட்டாவைச் சுட்டதும் தப்பென்று தெரிந்துவிடும். ஒரே தோட்டாவைப் போட்டுச் சுட்டால், இலேசான துப்பாக்கிதான் கையைப் பலமாக உதைக்கும்.

விருதுநகர் மாவட்டத்துக்காரருக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ராக்கெட் செய்பவர்களுக்கு இது அன்றாடப் பாடம். மருந்து எரிந்து வாயு கீழே பாய்கிறது, ராக்கெட் மேலே போகிறது. அதே அளவு மருந்தை எடை குறைந்த ராக்கெட்டில் அடைத்தால் அது இன்னும் வேகமாகச் சீறும். கைத்துப்பாக்கியிலும் நடப்பது இதுதான். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வருகிறது. அது எவ்வளவு இலேசோ அவ்வளவு வேகமாக வரும். அந்த வேகம் முழுவதையும் தாங்குவது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையும், அதற்குப் பின்னால் இருக்கும் மணிக்கட்டும்.

உதையின் கணக்கு

இந்தியாவில் உரிமம் பெற்றவர்களிடம் பரவலாக இருக்கும் .32 ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். அதன் தோட்டாவில் உள்ள குண்டு சுமார் 6.35 கிராம். குழலைவிட்டு வெளியேறும் வேகம் நொடிக்குச் சுமார் 215 மீட்டர். மருந்து வாயுவின் பங்கை விட்டுவிட்டு, குண்டை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், ஒரு கிலோ எடையுள்ள துப்பாக்கியின் பின்னுதைப்பு ஆற்றல் சுமார் 0.9 ஜூல். 700 கிராம் துப்பாக்கியில் அது 1.3 ஜூல். 500 கிராம் துப்பாக்கியில் 1.9 ஜூல். எடை பாதியானால் உதை இரட்டிப்பாகிறது.

2014 ஜனவரியில் கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. பெண்களின் தற்காப்புக்கு என்று விளம்பரப்படுத்தப்பட்ட அந்தத் துப்பாக்கி டைட்டானியம் கலந்த உலோகத்தால் ஆனது. எடை 500 கிராம். அன்றைய விலை 1,22,360 ரூபாய். கைப்பையில் வைத்துக்கொள்ள வசதியானதுதான். ஆனால் அதே தோட்டாவைச் சுடும் சுமார் 700 கிராம் எடையுள்ள பழைய .32 ரிவால்வரைவிட இது கையைக் கூடுதலாக உதைக்கும். முதியவர் ஒருவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, இடுப்பில் சுமக்கப்போகிறாரா, குறிபார்த்துச் சுடப்போகிறாரா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். சுடுவதுதான் நோக்கம் என்றால் பழைய கனமான இரும்பே கைக்கு நல்லது.

அதற்காக ஒன்றரைக் கிலோ துப்பாக்கியை வாங்கிவிடக் கூடாது. உதை குறையும், ஆனால் நீட்டிய கை பத்து நொடியில் நடுங்கத் தொடங்கிவிடும். இரண்டு கைகளாலும் பிடித்து, அரை நிமிடம் அசையாமல் நீட்டி வைத்திருக்க முடிகிற எடைதான் ஒருவருக்கு உரிய எடை. அதை அவரவர் கைதான் சொல்ல முடியும்.

சட்டம் தேர்ந்து கொடுத்த தோட்டா

அமெரிக்காவில் முதியவர்கள் எந்தத் தோட்டா கைக்கு இதமானது என்று பத்துப் பன்னிரண்டு வகைகளை அலசுவார்கள். இங்கே அந்தக் குழப்பம் இல்லை. உலகெங்கும் காவல்துறைகளிடம் புழங்கும் 9 மி.மீ. தோட்டா இந்தியக் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்டது. அதன் குண்டு சுமார் 8 கிராம், வேகம் நொடிக்கு 350 மீட்டர். 700 கிராம் துப்பாக்கியில் சுட்டால் உதை 5.6 ஜூல், அதாவது .32 ரிவால்வரைப் போல நான்கு மடங்குக்கும் மேல். முதியவரின் மணிக்கட்டுக்குச் சட்டம் தன்னை அறியாமலே ஓர் உதவி செய்திருக்கிறது. தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி உரிமம் வாங்கும் இந்தியர் பெரும்பாலும் .32 அல்லது .22 துப்பாக்கியோடுதான் வீடு திரும்புகிறார்.

.32 என்றதும் பலவீனமான தோட்டா என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. 1896-இல் அமெரிக்காவில் அறிமுகமான இந்த நீளமான .32 ரிவால்வர் தோட்டா துல்லியத்துக்குப் பேர்போனது. பன்னாட்டு சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டிகளுக்காக வால்தர், பர்தினி போன்ற நிறுவனங்கள் செய்யும் விலையுயர்ந்த பிஸ்டல்கள் இதே தோட்டாவின் தட்டை முனைக் குண்டு வகையைத்தான் பயன்படுத்துகின்றன. உதை குறைவு, அதனால் துல்லியம் அதிகம் என்பதுதான் போட்டியாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம். ராஜபாளையத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் அலமாரியில் இருக்கும் ரிவால்வரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

.22 அதைவிட மென்மையானது. குண்டு 2.6 கிராம். ஒரு கிலோ பிஸ்டலில் அதன் உதை சுமார் 0.3 ஜூல்தான். மூட்டுவாதம் உள்ளவர்கள் பயிற்சிக்கு இதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ஆனால் இங்கேயும் எடையைக் கவனிக்க வேண்டும். ‘நிடர்’ என்ற இந்திய .22 ரிவால்வரின் எடை 250 கிராம்தான். அதன் சிறிய பிடியில் மூன்று விரல்களும் சரியாக அமர்கின்றனவா என்று பிடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஒரே பெயர், இரண்டு தோட்டாக்கள்

இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஓர் எச்சரிக்கை. கடையிலும் உரிமப் புத்தகத்திலும் ‘.32’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது இரண்டு வேறு தோட்டாக்கள். ஒன்று ரிவால்வருக்கானது, நீளமானது. மற்றது 1899-இல் ஜான் பிரௌனிங் வடிவமைத்த பிஸ்டல் தோட்டா, குட்டையானது. பிஸ்டல் தோட்டாவின் அடிவிளிம்பு சற்றே துருத்தியிருப்பதால் அது பல .32 ரிவால்வர்களின் உருளைக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். ஆனால் அதன் உள் அழுத்தம் அதிகம். அமெரிக்கத் தரநிலைப்படி ரிவால்வர் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு, பிஸ்டல் தோட்டாவுக்கு 20,500 பவுண்டு. பார்வை மங்கிய கண்ணுக்கு இரண்டு பெட்டிகளும் ஒன்றுபோலத் தெரியலாம். ஒருவர் வீட்டில் ஒரு வகை மட்டுமே இருப்பது பாதுகாப்பு.

பழைய தோட்டாவும் ஆபத்துதான். பத்து, பதினைந்து ஆண்டுகளாக பீரோவில் கிடக்கும் தோட்டா சுட்டவுடன் வெடிக்காமல், சில நொடி தாமதித்து வெடிக்கக்கூடும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். வெடிமருந்துக்கு வெப்பமும் ஈரமும் ஆகாது என்பதைப் பட்டாசு ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் தோட்டாப் பெட்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

விரலுக்கு எவ்வளவு பாரம்?

முதியவர்களைப் பெரும்பாலும் தோற்கடிப்பது உதை அல்ல, விசை. சுத்தியலைப் பின்னால் இழுக்காமல், விசையை மட்டும் அழுத்திச் சுடும்போது பொதுவாக ரிவால்வர்களில் ஆள்காட்டி விரல் நான்கரை முதல் ஐந்தரைக் கிலோ பாரத்தை இழுக்க வேண்டியிருக்கும். விரல் அந்தப் பாரத்தோடு போராடும்போது குழலின் நுனி கீழே சாய்ந்துவிடும். குறி தவறியதற்கு உதையின் மேல் பழி விழும். சுத்தியலைக் கட்டைவிரலால் முன்கூட்டியே பின்னுக்கு இழுத்துவிட்டால் விசையின் பாரம் இரண்டு கிலோ அளவுக்கு இறங்கிவிடும். பயிற்சிக் களத்தில் சுடும் முதியவருக்கு அதுவே ஏற்ற முறை. கட்டைவிரல் அடி மூட்டில் வலி உள்ளவர்கள் மட்டும் மற்றக் கையின் கட்டைவிரலால் சுத்தியலை இழுத்துப் பழகலாம்.

பிஸ்டலில் பிரச்சினை வேறு. தோட்டாவை ஏற்ற மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். சிறிய .32 பிஸ்டல்களில் பெரும்பாலும் ஸ்லைடைப் பூட்டிப் பிடிக்கும் அமைப்பு கிடையாது. சுருள்வில்லும் ஸ்லைடின் எடையும்தான் வெடிப்பின் வேகத்தைத் தாங்குகின்றன. அதனால் அந்தச் சுருள்வில்லை விறைப்பாக வைத்திருப்பார்கள். உதை குறைந்த சின்ன பிஸ்டல் ஏற்றுவதற்கு மட்டும் பெரிய பிஸ்டலைவிடக் கடினமாக இருப்பதற்கு இதுதான் காரணம். வெளிநாட்டு நிறுவனங்கள் இதைக் கவனித்திருக்கின்றன. பெரெட்டாவின் ‘டாம்கேட்’ .32 பிஸ்டலில் ஒரு நெம்புகோலைத் தட்டினால் குழலே மேலே எழும். தோட்டாவை நேராக அதில் வைத்து மூடிவிடலாம். ஸ்மித் அண்ட் வெஸன் 2018-இல் எளிதாக இழுபடும் ஸ்லைடு கொண்ட ‘ஈஇசட்’ வகையைக் கொண்டுவந்தது. அவை கிடைக்காத நம் ஊரில் ரிவால்வரே முதியவருக்கு வசதி. இந்திய .32 ரிவால்வர் நடுவில் மடிந்து திறக்கும். திறந்ததும் சுட்ட ஓடுகள் ஒன்றாக வெளியே தள்ளப்படும். விரல் நுனியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டியதில்லை.

ஸ்லைடை இழுக்கத்தான் வேண்டும் என்றால், உள்ளங்கை முழுவதையும் அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் துப்பாக்கியை முன்னால் தள்ள வேண்டும். இழுப்பதைவிடத் தள்ளுவது முதிய தோளுக்கு எளிது. ஆள்காட்டி விரல் அப்போது விசைக்கு வெளியே இருக்க வேண்டும். குழல் இலக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

காதும் கண்ணும்

சுடுபவர் கையை உதறிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் சத்தம். நம் பட்டாசு விதிகளின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 145 டெசிபல் உச்ச ஒலியைத் தாண்டும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. துப்பாக்கியின் ஒலி, சுடுபவர் காதருகே 140 முதல் 170 டெசிபல் வரை போகும். அதுவும் 4 மீட்டர் தள்ளி அல்ல, ஒரு கை தூரத்தில். ஏற்கெனவே செவித்திறன் குறைந்தவருக்கு மிஞ்சியிருப்பதையும் அது பறித்துவிடும். காதுக்குள் நுரைச் செருகல், அதன்மேல் காதுமூடி என்று இரட்டைக் காப்பு அணிவதுதான் சரி. இரண்டையும் போட்டுக்கொண்டு சுட்டுப் பார்த்தால், உதையே குறைந்துவிட்டதுபோல் பலருக்குத் தோன்றும்.

வெள்ளெழுத்துக்கான வாசிப்புக் கண்ணாடி களத்தில் உதவாது. தெளிவாகத் தெரிய வேண்டியது குழல் நுனியில் இருக்கும் குறி. அது கண்ணிலிருந்து ஒரு கை நீளத்தில் இருக்கிறது. கண் பரிசோதனையின்போது அந்தத் தூரத்தை அளந்து சொன்னால், அதற்கென்றே கண்ணாடி போட்டுத் தருவார்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் தோளில் ஊன்றிச் சுடும் இரட்டைக் குழல் துப்பாக்கியை அந்தப் பக்கத் தோளில் ஊன்றக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிறு உதையிலும் கை கன்றிப்போகும். இவர்கள் எல்லோரும் மருத்துவரைக் கேட்டுவிட்டே களத்துக்குப் போக வேண்டும்.

உதையே இல்லாத துப்பாக்கி

உத்தரப் பிரதேசத்தின் பாக்பத் மாவட்டத்தில் ஜோஹ்ரி என்றொரு கிராமம். 1999-இல் பேத்தியைத் துப்பாக்கிப் பயிற்சிக்கு அழைத்துப்போன சந்திரோ தோமர் தானும் ஒரு பிஸ்டலைக் கையில் எடுத்தார். அப்போது அவர் வயது அறுபத்தைந்துக்கு மேல். அவரும் ஓரகத்தி பிரகாஷி தோமரும் மூத்தோர் போட்டிகளில் பதக்கங்களைக் குவித்தார்கள். 2019-இல் அவர்கள் கதை திரைப்படமாக வந்தது. 2021 ஏப்ரல் 30 அன்று கொரோனா சந்திரோவைக் கொண்டுபோனது. அந்த வயதில் ஆரம்பித்தவரால் சாதிக்க முடிந்ததற்கு அவருடைய மன உறுதி முதற்காரணம். அவர் பழகியது காற்றுப் பிஸ்டல் என்பதும் ஒரு காரணம்.

காற்றுப் பிஸ்டலின் ஈயக் குண்டு அரை கிராம். அதன் உந்தம் .22 தோட்டாவுடையதில் பத்தில் ஒரு பங்குதான். ஒலிம்பிக் விதிப்படி அதன் விசைக்கு அரைக் கிலோ பாரம் இருந்தால் போதும். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் 51 வயது துருக்கி வீரர் யூசுஃப் டிகெச் 10 மீட்டர் காற்றுப் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வென்றார். அதே களத்தில் ஜார்ஜியாவின் நினோ சலுக்வாட்ஸே 55 வயதில் தனது பத்தாவது ஒலிம்பிக்கில் சுட்டார். அவர் தங்கம் வென்றது 1988 சியோலில். கைக்கு இதமான துப்பாக்கியால் ஒரு விளையாட்டு வாழ்க்கை எவ்வளவு நீளும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இந்தியச் சட்டத்தில் 4.5 மி.மீ. வாயும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. உரிமம் உள்ள ரிவால்வருக்கு ஆண்டுக்கு இத்தனை தோட்டாதான் என்று எல்லை உண்டு. காற்றுப் பிஸ்டலில் அந்த எல்லை கிடையாது, தினமும் பழகலாம். விருதுநகரிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டிவிடும் மதுரையிலும், திருச்சி, கோவை, சென்னையிலும் ரைஃபிள் கிளப்புகள் இயங்குகின்றன.

எழுபது வயதில் சட்டம் தரும் வழி

2016 இறுதிக் கணக்கின்படி உத்தரப் பிரதேசத்தில் 12.77 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. தமிழ்நாட்டில் சுமார் 22,500 மட்டுமே. இங்கே உரிமம் வைத்திருப்பவர்களில் பலர் நீண்ட காலத்துக்கு முன் வாங்கியவர்கள். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு விதி 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் இருக்கிறது. உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே சட்டப்படியான வாரிசின் பெயருக்கு அதை மாற்றித் தர விண்ணப்பிக்கலாம். வாரிசு தனியாக உரிமம் கேட்டு, போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சி ஆகியவற்றைக் கடக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகள் மட்டுமே வைத்திருக்க முடியும் என்பதையும் வாரிசு கணக்கில் கொள்ள வேண்டும்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் புதுப்பித்தல்தான் இதற்கெல்லாம் உகந்த நேரம். கலெக்டர் அலுவலகத்துக்குப் போவதற்கு முந்தைய வாரமே உரிமதாரர் சில சோதனைகளைத் தானே செய்து பார்க்கலாம். துப்பாக்கி காலி என்பதை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, சுத்தியலை இழுக்க முடிகிறதா, விசையை நடுங்காமல் அழுத்த முடிகிறதா, குழல் நுனிக் குறி தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றும் முடிந்தால் புதுப்பிக்கலாம். ஏதேனும் ஒன்று முடியாவிட்டால் வாரிசுக்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு காற்றுப் பிஸ்டலோடு கிளப்பின் மூத்தோர் பிரிவில் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.