ஆவி வரணும், கொதிக்கக் கூடாது! ஜெர்மனியின் குளிர்கால ஸ்பெஷல் `க்ளூவைன்'... செய்வது எப்படி, பரிமாறுவது எப்படி?

டிசம்பர் மாத ஜெர்மனியில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெளியே உறையவைக்கும் குளிர். ஆனாலும், ஊர் மொத்தமும் திறந்தவெளிச் சந்தையில்தான் நின்றுகொண்டிருக்கும். எல்லோர் கையிலும் ஆவி பறக்கும் ஒரு கோப்பை. பட்டை, கிராம்பு, ஆரஞ்சு வாசனை தெருமுனை வரை வரும். நம்ம ஊரில் கல்யாண வீட்டை பிரியாணி வாசனையை வைத்தே கண்டுபிடிப்பதுபோல, அங்கே கிறிஸ்துமஸ் சந்தையை இந்த வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அந்தக் கோப்பையில் இருப்பதுதான் `க்ளூவைன்'. மசாலா சேர்த்துச் சூடாக்கிய ஒயின்.

``ஒயினைப் போய் சூடு பண்ணிக் குடிப்பாங்களா?'' என்று ஆச்சர்யப்படுபவர்கள் உண்டு. படிக்கவும் வேலைக்காகவும் ஜெர்மனி போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கு முதல் குளிர்காலத்திலேயே இது அறிமுகமாகிவிடும். அலுவலகப் பார்ட்டி, பக்கத்து வீட்டு அழைப்பு என எங்கே போனாலும் இந்தக் கோப்பைதான் முதலில் நீட்டப்படும். அடுத்த வருடம் அவர்களே நண்பர்களை அழைத்து வீட்டில் செய்யவும் ஆரம்பித்துவிடுவார்கள்.

செய்வது ரொம்ப சுலபம். ஆனால், இரண்டு விஷயங்களில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ஒன்று, கொதிக்க விட்டு ருசியைக் கெடுத்துவிடுவது. இன்னொன்று, `சூடு பண்ணினா ஆல்கஹால் எல்லாம் போயிடும், யாரும் குடிக்கலாம்' என்று நம்புவது. முதலாவது தவற்றில் ஒயின் வீணாகும், அவ்வளவுதான். இரண்டாவது, விருந்துக்கு வந்தவரின் உடல்நலத்தோடும் உயிரோடும் சம்பந்தப்பட்டது.

பெயர் வந்த கதை

ஜெர்மன் மொழியில் `க்ளூஎன்' என்றால் பழுக்கக் காய்ந்து ஒளிர்வது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை ஒயினுக்குள் விட்டுச் சூடாக்கிய பழக்கத்தால் இந்தப் பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள்.

ஒயினில் மசாலா சேர்ப்பது அதைவிடப் பழைய வழக்கம். `அபிசியஸ்' என்ற பெயரில் வழங்கும் ரோமானிய சமையல் நூலின் முதல் குறிப்பே தேன், மிளகு, குங்குமப்பூ, பேரீச்சை சேர்த்துக் காய்ச்சும் ஒயின்தான். அந்த மிளகு எங்கிருந்து போனது என்கிறீர்களா? முசிறித் துறைமுகம் வழியாக நம் மேற்குக் கடற்கரையிலிருந்துதான். இன்றைக்கு க்ளூவைனில் போடும் பட்டையின் உயர்ந்த ரகமும் இலங்கையில் விளைவதுதான். ஆக, பானம் ஐரோப்பாவினுடையது என்றாலும் அதன் வாசனையில் நம் பக்கத்துப் பங்கும் உண்டு.

ஜெர்மனியின் பழைமையான கிறிஸ்துமஸ் சந்தைகளில் ஒன்றான டிரெஸ்டன் நகரத்து `ஸ்ட்ரீட்ஸல்மார்க்ட்' பற்றிய முதல் குறிப்பு 1434-ம் ஆண்டைச் சேர்ந்தது. இன்று ஐரோப்பா முழுக்க இந்தப் பானத்துக்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். ஸ்வீடனில் `க்ளோக்'. கோப்பைக்குள் உலர் திராட்சையும் தோல் உரித்த பாதாமும் போட்டு, ஸ்பூனோடு கொடுப்பார்கள். பிரான்ஸில் `வான் ஷோ', இத்தாலியில் `வின் ப்ரூலே', இங்கிலாந்தில் `மல்டு ஒயின்'.

எதை வேண்டுமானாலும் க்ளூவைன் என்று விற்றுவிடவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, அதற்கு முக்கிய வாசனை பட்டை அல்லது கிராம்பிலிருந்து வர வேண்டும். ஆல்கஹால் குறைந்தது 7 சதவிகிதம் இருக்க வேண்டும்.

சந்தையில் இந்த மூன்று வார்த்தைகள் போதும்!

`ஃபாண்ட்': கோப்பைக்கான டெபாசிட். பானத்தின் விலையோடு இதையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பி வரும். பல ஊர்களில் ஊர் பெயரும் வருடமும் அச்சிட்ட கோப்பை என்பதால், டெபாசிட் போனால் போகட்டும் என்று வீட்டுக்கு எடுத்துப்போய் சேர்த்து வைப்பவர்கள் அதிகம்.

`மிட் ஷுஸ்': கடைக்காரர் சிரித்துக்கொண்டே ``மிட் ஷுஸ்?'' என்று கேட்பார். புரியாமல் தலையாட்டிவிட்டால் ரம் அல்லது வேறு மதுவைக் கூடுதலாக ஊற்றிவிடுவார். வேண்டாம் என்றால் `நைன்' என்று சொல்லிவிடுங்கள்.

`ஓனே அல்கோஹோல்': ஆல்கஹால் இல்லாதது. இப்படிக் கேட்டால் `கிண்டர்புன்ஷ்' என்ற பழச்சாறு பானம் கிடைக்கும். `கிண்டர்' என்றால் குழந்தைகள். ஆனால், பெரியவர்கள் வாங்கிக் குடித்தாலும் யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

வீட்டில் செய்வது எப்படி?

தேவையானவை (6 முதல் 8 கோப்பை வரை):

சிவப்பு ஒயின் - 2 பாட்டில் (தலா 750 மி.லி)
ஆரஞ்சு - 3
சர்க்கரை - 100 கிராம்
பட்டை - 2 குச்சி
கிராம்பு - 6
அன்னாசிப்பூ - 2
ஏலக்காய் - 3 (விருப்பப்பட்டால்)

ஒயின் விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. அதன் நுட்பமான வாசனை எல்லாம் மசாலாவில் அமுங்கிவிடும். அதற்காக, தனியாக ஒரு வாய்கூடக் குடிக்க முடியாத மட்டமான ஒயினையும் வாங்காதீர்கள். சர்க்கரையும் பட்டையும் அதைக் காப்பாற்றாது. இனிப்பு சேர்க்காத, பழச்சுவை உள்ள ரகம் நல்லது. ஜெர்மனியில் `டோர்ன்ஃபெல்டர்' கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும், `மெர்லோ'வும் சரிவரும். ஓக் மரப் பீப்பாயில் ஊறவைத்த ரகம் வேண்டாம். சூடாக்கினால் துவர்ப்பு தூக்கலாகத் தெரியும்.

மசாலா முழுசாகத்தான் இருக்க வேண்டும். பொடி போட்டால் கலங்கிப்போய் அடியில் மண்டியாகத் தங்கும். பட்டையில் இரண்டு வகை உண்டு. இலங்கைப் பட்டை, மெல்லிய அடுக்குகள் பல சேர்ந்து சுருட்டுபோல் இருக்கும். மென்மையான வாசனை. `காசியா' வகை, தடிமனான ஒற்றைச் சுருளாக இருக்கும். காரம் அதிகம். அதைப் போடுவதானால் ஒரு குச்சி போதும்.

செய்முறை: ஆரஞ்சுகளைத் தோலோடு நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். தோலில் மெழுகோ மருந்தோ பூசாத பழமாகப் பார்த்து வாங்குவது நல்லது. இரண்டைச் சாறு பிழியுங்கள். ஒன்றை வட்ட வட்டமாக நறுக்குங்கள்.

அடி கனமான எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரத்தில் சாறு, சர்க்கரை, மசாலாவைப் போட்டு, சிறு தீயில் ஐந்து நிமிடம் வையுங்கள். அலுமினியம், இரும்புப் பாத்திரம் கூடாது. ஒயினில் உள்ள புளிப்பு, உலோகத்தோடு சேர்ந்து ருசியைக் கெடுத்துவிடும்.

சர்க்கரை கரைந்து வாசனை வந்ததும் ஒயினை ஊற்றி, ஆரஞ்சு வட்டங்களைப் போடுங்கள். தீ மிகச் சிறியதாகவே இருக்கட்டும். மேலே ஆவி எழும்பி, பாத்திரத்தைத் தொட முடியாத சூடு வந்ததும் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். 20 முதல் 30 நிமிடம் அப்படியே ஊறட்டும். பிறகு மசாலாவையும் ஆரஞ்சையும் வடிகட்டி எடுத்துவிட்டு, மறுபடி லேசாகச் சூடாக்கிப் பரிமாறுங்கள். `இன்னும் வாசனை ஏறட்டுமே' என்று மசாலாவை உள்ளேயே விட்டுவைத்தால் கிராம்பு நாக்கை மரக்கவைக்கும். ஆரஞ்சுத் தோலின் வெள்ளைப் பகுதி கசப்பை இறக்கும்.

ஏன் கொதிக்கக் கூடாது?

பால் காய்ச்சும்போது பொங்கி வரும் வரை காத்திருப்போம். இங்கே அதற்கு நேர்மாறு. ஒரு குமிழிகூட மேலே வரக் கூடாது. ஒயினின் வாசனைப் பொருள்கள் எளிதில் ஆவியாகக் கூடியவை. கொதிக்க விட்டால் சமையலறை மணக்கும். கோப்பையில் ஒன்றும் மிஞ்சாது. புளிப்பும் துவர்ப்பும்தான் தங்கும்.

70 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்துவது சரியான பதம். சமையல் தர்மாமீட்டர் இருந்தால் வசதி. இல்லையென்றால் கண்தான் அளவுகோல். ஆவி வரலாம்... ஓரத்தில் சிறு முத்துகள் தெரிய ஆரம்பித்தால் உடனே தீயை அணைத்துவிடுங்கள்.

``கொதிச்சா ஆல்கஹால் போயிடுமே?''

விருந்துகளில் அதிகம் கேட்கும் வசனம் இது. ``சூடு பண்ணினதுதானே... ஒரு வாய் குடிங்க அண்ணி, ஒண்ணும் ஆகாது'' என்று அன்பாக வற்புறுத்துவார்கள்.

ஆல்கஹாலின் கொதிநிலை சுமார் 78 டிகிரி என்பது உண்மை. ஆனால், ஒயினில் அது தண்ணீரோடு கலந்திருக்கிறது. 78 டிகிரியைத் தொட்டதும் ஆல்கஹால் மட்டும் மொத்தமாகப் பிரிந்து ஓடிவிடாது. தண்ணீரோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும். அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணைப்படி, மது சேர்த்த உணவைச் சிறு கொதியில் 15 நிமிடம் வைத்தாலும் 40 சதவிகித ஆல்கஹால் மிஞ்சும். ஒரு மணி நேரம் வைத்தால் 25 சதவிகிதம். இரண்டரை மணி நேரம் கழித்தும்கூட 5 சதவிகிதம் இருக்கும். நாம் செய்யும் க்ளூவைனோ கொதிப்பதே இல்லை, மூடிதான் ஊறவைக்கிறோம். அதனால் ஊற்றிய ஆல்கஹாலில் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 10 சதவிகித ஆல்கஹால் உள்ள 200 மி.லி கோப்பையில் 20 மி.லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. நம்ம ஊர் 30 மி.லி `ஸ்மால்' பிராந்தியில் இருப்பது சுமார் 13 மி.லி. அதாவது, `ஜூஸ் மாதிரி இருக்கே' என்று குடிக்கும் ஒரு கோப்பை, ஒன்றரை பெக்குக்குச் சமம். இனிப்பும் சூடும் மதுவின் நெடியை மறைத்துவிடுவதால் இரண்டாவது கோப்பை தெரியாமலே இறங்கும்.

ஜெர்மனியில் கார் ஓட்டுபவரின் ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5 பங்கு ஆல்கஹால் என்பது சட்ட வரம்பு. சராசரி எடையுள்ள ஆண் அடுத்தடுத்து இரண்டு கோப்பை குடித்தாலே அதைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். பெண்களுக்கு இன்னும் சீக்கிரம் ஏறும். 21 வயது நிரம்பாதவர்களும் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களும் மதுவே தொடாமல்தான் ஓட்ட வேண்டும். மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் வாடகை இ-ஸ்கூட்டருக்கும் இதே விதிகள்தான். `கார்தானே ஓட்டக் கூடாது' என்று அதில் ஏறிவிடாதீர்கள்.

குளிருக்கு இதம்... ஆனால்?

க்ளூவைன் குடித்ததும் கன்னம் சிவந்து உடம்பு கதகதப்பாவது நிஜம். ஆல்கஹால் தோலுக்கு அருகிலுள்ள ரத்தக்குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருக்கும் சூடான ரத்தம் தோலுக்கு வருவதால் வெதுவெதுப்பாகத் தெரிகிறது. அதே வழியில் உடம்பின் சூடு வேகமாக வெளியேறவும் செய்கிறது. சூடு ஏறியதாக நினைத்து, கோட்டைக் கழற்றிவிட்டு பனியில் நிற்பது ஆபத்து. சந்தையில் குடிக்கிறவர்கள் கூடவே ஏதாவது சாப்பிடுவதும், தொப்பியையும் கையுறையையும் கழற்றாமல் இருப்பதும் அவசியம்.

எல்லோருக்கும் ஒரு கோப்பை

கர்ப்பிணிகள், குழந்தைகள், கல்லீரல் பிரச்னை உள்ளவர்கள், தூக்க மாத்திரை போன்ற மருந்துகள் எடுப்பவர்கள், வண்டி ஓட்ட வேண்டியவர்கள், மதுவை விட்டு மீண்டு வந்தவர்கள், மத நம்பிக்கையால் தொடாதவர்கள்... எந்த விருந்திலும் இவர்களில் ஒருவராவது இருப்பார். அவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு மற்றவர்கள் மணக்க மணக்கக் குடித்தால் அவர் மனசு எப்படி இருக்கும்? அதற்குத்தான் கிண்டர்புன்ஷ்.

ஒரு லிட்டர் சிவப்பு திராட்சைச் சாறு, அரை லிட்டர் ஆப்பிள் சாறு, அரை லிட்டர் பழ டீ டிகாக்‌ஷன். இதில் மேலே சொன்ன அதே மசாலா, ஆரஞ்சு வட்டங்கள், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. சாறிலேயே இனிப்பு இருப்பதால் சர்க்கரை வேண்டாம். ஆனால், சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதிலும் அளவு பார்க்க வேண்டும். நிறமும் வாசனையும் க்ளூவைன் மாதிரியே இருக்கும்.

அந்த ஒற்றுமையிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் கை மாறிவிடலாம். தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கரண்டி, வேறு வேறு நிறக் கோப்பைகள் வையுங்கள். பாத்திரத்தில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். கடையில் `ஆல்கஹால் இல்லாத ஒயின்' வாங்கி அதில் செய்வதானால் இன்னொரு கவனம் தேவை. ஜெர்மனியில் 0.5 சதவிகிதம் வரை ஆல்கஹால் இருந்தாலும் அப்படி விற்கலாம். துளிகூட வேண்டாம் என்பவர்களுக்குப் பழச்சாறே பாதுகாப்பு.

விருந்தாளி வந்ததும் ``என்ன குடிக்கிறீங்க?'' என்று பொதுவாகக் கேட்காமல், ``இதுல ஒயின் இருக்கு, இதுல இல்லை. எது ஊத்தட்டும்?'' என்று கேளுங்கள். யாராவது இரண்டாவதைக் காட்டினால் `ஏன்' என்று கேட்காமல் ஊற்றிக் கொடுங்கள். காரணம் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

மது உடல்நலத்துக்குக் கேடு. `பாதுகாப்பான அளவு' என்று எதுவும் இல்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இதுவரை குடிக்காதவர்கள், பண்டிகையைச் சாக்காக வைத்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. பட்டையும் கிராம்பும் ஆரஞ்சும் கிண்டர்புன்ஷிலும் அதே வாசனையைத்தான் தரும்.