பலகைத் தளம் முதல் ரப்பர் விரிப்பு வரை: பிக்கப் தொட்டியின் அன்றும் இன்றும்

பிக்கப் வண்டியில் அதிகம் அடிபடும் இடம் பின்னாலிருக்கும் தொட்டிதான். செங்கல்லை அதில்தான் எறிகிறார்கள், சல்லியை அதில்தான் கொட்டுகிறார்கள், இரும்புக் கம்பியை அதன்மேல்தான் உரசி இழுக்கிறார்கள். எஞ்சின் ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றுகிறவர்கள்கூடத் தொட்டியின் தளத்தைக் குனிந்து பார்ப்பதில்லை. துருவேறிப் பொத்தல் விழுந்த பிறகுதான் அது கண்ணில் படுகிறது.

பிக்கப் வண்டியின் தாய்வீடான அமெரிக்காவில், இந்தத் தளத்தைக் காப்பதற்கென்றே ஒரு தனித் தொழில் வளர்ந்து நிற்கிறது. பெட் லைனர் என்று அதற்குப் பெயர். பிளாஸ்டிக் தொட்டி, ஸ்பிரே பூச்சு, உருளையால் தேய்க்கும் பூச்சு, ரப்பர் விரிப்பு என்று பல வகை. ஐம்பது டாலரிலும் உண்டு, எண்ணூறு டாலரிலும் உண்டு. கையில் கொஞ்சம் பணத்தோடு நிற்பவர் எதை வாங்குவது? தொட்டி மாறிவந்த நூறாண்டுக் கதையைத் தெரிந்துகொண்டால், விடை தானே தெளியும்.

அன்று: தேய்வதற்கென்றே ஒரு பலகை

1925 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காரின் பின்னால் தொட்டி பொருத்தி, 281 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. தொழிற்சாலையிலேயே தொட்டியோடு வந்த ஃபோர்டின் முதல் பிக்கப் அது. அதற்கு முன்பு, அமெரிக்க விவசாயிகள் காரின் பின்பகுதியைக் கழற்றிவிட்டுத் தாங்களே மரப்பெட்டி கட்டிக்கொண்டார்கள். அல்லது ஊர்ப் பட்டறையில் கொடுத்துக் கட்டச் சொன்னார்கள்.

பிறகு வந்த பல பத்தாண்டுகளில் ஷெவர்லே போன்ற நிறுவனங்கள் பிக்கப்பின் தளத்தை மரப்பலகையால்தான் அமைத்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்து 1947இல் வந்த ஷெவர்லே பிக்கப்பைப் பார்த்தால் அமைப்பு விளங்கும். பலகைகள் நீளவாக்கில் கிடக்கும். இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் ஓர் இரும்புப் பட்டை ஓடும். பட்டை மரத்தைவிடச் சற்றே மேலே நிற்கும். மூட்டையையோ பெட்டியையோ தள்ளினால் அது பட்டையின்மேல் வழுக்கிக்கொண்டு போகும், பலகை அதிகம் உராயாது. பட்டையையும் பலகையையும் போல்ட் பிணைத்திருக்கும்.

மரம் உளுத்துப்போகும், வெடிக்கும், மழையில் ஊறும். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு பலகை கெட்டால் அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றினால் போதும். ஸ்பேனரும் ரம்பமும் இருக்கிற எந்த விவசாயியும் தன் களத்துமேட்டிலேயே அந்த வேலையை முடித்துவிடலாம். தேய்கிற பாகம் வேறு, பாரம் தாங்குகிற பாகம் வேறு என்று பிரித்துவைத்த அமைப்பு அது. கீழே இருக்கும் இரும்புச் சட்டம் வண்டியின் ஆயுளுக்கும் நிற்கும். மேலே கிடக்கும் பலகை அடியைத் தான் வாங்கிக்கொள்ளும்.

இரும்புத் தகடு வந்ததும் மாறியது

பிக்கப் பெருவாரியாக உற்பத்தியானபோது பலகைக்கு வேலை குறைந்தது. அச்சில் ஒரே அழுத்தாக அழுத்தி எடுக்கும் இரும்புத் தகடு வேகமாகவும் மலிவாகவும் கிடைத்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவலாம், மண்ணை மண்வெட்டியால் தடையின்றி வாரலாம். வரிவரியாகப் புடைத்த தளம் பாரத்தையும் தாங்கியது. ஷெவர்லேயின் ஸ்டெப்சைடு (சக்கர மூடிகள் தொட்டிக்கு வெளியே நிற்கும் வகை) போன்ற சில வண்டிகளில் 1980களிலும் பலகைத் தளம் தொடர்ந்தது. மற்ற பெரும்பாலான வண்டிகளில் இரும்பு வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த மாற்றத்தில் வசதி கூடியது, ஆனால் பலகை தந்த ஒரு பாதுகாப்பு போய்விட்டது. தேய்கிற பாகமும் தாங்குகிற பாகமும் ஒன்றாகிவிட்டன. கூரான ஒரு கல் பெயின்ட்டைக் கீறினால், அந்தக் கீறலில் ஈரம் இறங்கும், ஈரம் துருவாகும். மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலைப் பனி உருக உப்பைக் கொட்டுகிறார்கள். உப்புநீர் தெறித்த இரும்பு சீக்கிரம் அரிக்கப்படும். தளம் அரித்துப்போனால் ஸ்பேனர் உதவாது. தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும்.

மக்கள் முதலில் கைக்கு எட்டியதைக் கொண்டு சமாளித்தார்கள். ப்ளைவுட் பலகையைப் போட்டார்கள், பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டி விரித்தார்கள். யோசித்துப் பார்த்தால், பறிபோன பலகைத் தளத்தைத்தான் அவர்கள் வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பிளாஸ்டிக் தொட்டியும் அடியில் ஒளிந்த துருவும்

1980களில் பிளாஸ்டிக் லைனர் பரவியது. பாலிஎத்திலீன் தகட்டைச் சூடாக்கி, அச்சில் உறிஞ்சிப் படியவைத்துத் தொட்டி வடிவிலேயே எடுப்பார்கள். வண்டியின் தொட்டிக்குள் அதை அப்படியே இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. விஸ்கான்சினின் பெண்டா நிறுவனம் அந்நாளில் பெயர் பெற்றது. வண்டி விற்கும் ஷோரூம்களே இதைக் கூடுதல் சாமானாகச் சேர்த்து விற்றன. தளத்தோடு பக்கச் சுவர்களையும் மூடிக் காப்பதால், புதுவண்டி வாங்கியவருக்கு அது பெரிய நிம்மதி.

ஆனால் குறைகளும் உடன் வந்தன. பிளாஸ்டிக் இரும்போடு ஒட்டாது. வண்டி ஓடும்போது அது அதிர்ந்து, அடியில் சிக்கிய மணலோடு சேர்ந்து பெயின்ட்டைத் தேய்க்கும். ஓரங்களில் இறங்கிய தண்ணீர் காய வழியின்றித் தேங்கும். மேலே பளபளவென்றிருக்கும் லைனரைப் பல ஆண்டு கழித்துத் தூக்கிப் பார்த்தவர்கள், எதைக் காக்க அதைப் போட்டார்களோ அந்தத் தளமே துருவேறிக் கிடப்பதைப் பார்த்தார்கள். வழுவழுப்பான பரப்பில் சரக்கு அங்குமிங்கும் சறுக்குவது இன்னொரு தொல்லை.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருந்தது. லைனர் போட்ட தொட்டியில் கேனை வைத்தபடியே பெட்ரோல் நிரப்பியபோது தீப்பிடித்த சம்பவங்கள் நடந்தன. பெட்ரோல் பாயும்போது நிலைமின்சாரம் உண்டாகும். பிளாஸ்டிக் அதை நிலத்துக்குக் கடத்தாமல் தடுத்துவிடும். தேங்கிய மின்சாரம் ஒரு பொறியாகப் பாய்ந்தால் ஆவி பற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1998இல் நாடு முழுவதற்கும் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. கேனைத் தரையில் இறக்கிவைத்துத்தான் நிரப்ப வேண்டும் என்ற அந்த அறிவுரை, எந்த லைனர் போட்ட வண்டிக்கும் இன்றும் பொருந்தும்.

ஸ்பிரே பூச்சின் காலம்

1988இல் சான்டியேகோவில் ரைனோ லைனிங்ஸ் தொடங்கியது. 1993இல் லைன்-எக்ஸ் வந்தது. இரண்டு திரவங்கள் ஸ்பிரே துப்பாக்கியில் கலந்து, தளத்தில் விழுந்த வேகத்தில் இறுகி, இரும்போடு தோலைப்போல ஒட்டிவிடும். பாலியூரிதேன், பாலியூரியா வகைப் பூச்சுகள் இவை. அடியில் தண்ணீர் புக இடமில்லை, அதிர்வு இல்லை, சரக்கும் சறுக்குவதில்லை. சரியாகப் பூசினால் பல ஆண்டுகள் நிலைக்கும். இரும்பைக் காப்பதில் இதற்கு இணை குறைவு.

இந்தப் பூச்சைப் பூசும் தொழிலாளியையும் நாம் நினைக்க வேண்டும். ஸ்பிரேயில் இருக்கும் ஐசோசயனேட் ரசாயனம் நுரையீரலைத் தாக்கும், ஆஸ்துமாவை உண்டாக்கும். பெட்ரோல் கேன் தீயைப் பற்றி எச்சரித்த அதே ஆய்வு நிறுவனம் 2006இல், லைனர் ஸ்பிரே செய்யும் பட்டறைகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதில் ஆஸ்துமாவோடு மரணத்தையும் குறிப்பிட்டது. காற்றுக் குழாய் பொருத்திய முகமூடியும் முறையான காற்றோட்டமும் இல்லாத பட்டறையில் மலிவாகப் பூசித் தருகிறார்கள் என்றால், அந்த மலிவுக்கு யாரோ ஒருவருடைய மூச்சு விலையாகப் போகிறது.

பிறகு வண்டி நிறுவனங்களே களத்தில் இறங்கின. 2004 மாடல் நிஸ்ஸான் டைட்டன் தொழிற்சாலையிலேயே ஸ்பிரே பூசியும் கிடைத்தது. 2005 மாடல் டொயோட்டா டகோமாவின் தொட்டியில் உட்பகுதி இரும்புக்குப் பதில் கலவைப் பொருளால் ஆனது. 2015 மாடல் ஃபோர்டு எஃப்-150 அலுமினியத்துக்கு மாறியது. மறு ஆண்டே போட்டி நிறுவனமான ஷெவர்லே, அந்த அலுமினியத் தொட்டியில் கனத்த கற்களைக் கொட்டித் தளம் கிழிவதை விளம்பரமாகக் காட்டியது. அலுமினியம் இரும்பைப்போலத் துருப்பிடிக்காது, ஆனால் கூரான அடியைத் தாங்க அதற்கும் ஓர் உறை வேண்டும் என்பதை அந்த விளம்பரமே ஊருக்குச் சொல்லிவிட்டது.

இன்று: குறைந்த செலவில் எது?

வண்டியும் மாறிவிட்டது, வாங்குகிறவரும் மாறிவிட்டார். அன்று பிக்கப் என்றால் ஒற்றை வரிசை இருக்கையும் பின்னால் தொட்டியும். இன்று நான்கு கதவுகள், குடும்பத்துக்கே இருக்கைகள், பின்னால் ஐந்தரை அடித் தொட்டி. முழு அளவுப் புது வண்டிக்கு 30,000 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். அவ்வளவு பணத்தைப் போட்டவர் ஒரு கீறல் விழுந்தாலும் பதறுவது இயல்பே. அந்தப் பதற்றத்தை நம்பித்தான் லைனர் சந்தை பெருத்திருக்கிறது. ஆகவே விலையைக் கேட்கும் முன், வண்டியில் என்ன ஏற்றப் போகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சந்தையில் இருக்கும் நான்கு வழிகளின் விலை ஏறக்குறைய இப்படி. உருளையால் நாமே பூசும் கிட் 50 முதல் 150 டாலர். ரப்பர் விரிப்பு 80 முதல் 180 டாலர். பிளாஸ்டிக் தொட்டி 250 முதல் 450 டாலர். பட்டறையில் பூசும் ஸ்பிரே 500 முதல் 800 டாலர்.

உருளைப் பூச்சு கேட்க மலிவு. ஆனால் அதன் வெற்றி டப்பாவில் இல்லை, தயாரிப்பில் இருக்கிறது. தளத்தை முழுக்கத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாமல் துடைத்து, துருவைச் சுரண்டி, ஈரமில்லாத நாளில் இரண்டு கை பூச வேண்டும். ஒரு முழு வாரக்கடைசி அதற்குப் போகும். அவசரமாகப் பூசினால் ஒரே மழைக்காலத்தில் செதில் செதிலாக உரியும். ஏற்கெனவே கீறலும் துருவும் விழுந்த பழைய வண்டிக்கு, பொறுமையுள்ளவர் கையில், இது நல்ல வழி.

கூரான சல்லியும் உடைந்த கான்கிரீட்டும் அன்றாடம் ஏற்றுகிறவர், வண்டியைப் பத்தாண்டு விற்காமல் வைத்திருக்கப் போகிறவர் பட்டறை ஸ்பிரேக்குச் செலவழிப்பது நியாயம். வண்டி புதிதாக, பெயின்ட் பழுதில்லாமல் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். துருவின்மேல் பூசினால் துரு உள்ளே வளரும்.

வீட்டுச் சாமான், தோட்டத்து மண், எப்போதாவது ஒரு லோடு விறகு என்று ஓட்டுகிறவர்களே பெரும்பாலானோர். அவர்களுக்குக் கனத்த ரப்பர் விரிப்பே போதும். அமெரிக்க விவசாயிகள் இதிலும் ஒரு சிக்கன வழி கண்டிருக்கிறார்கள். குதிரை லாயத்தில் போடும் ரப்பர் விரிப்பை வாங்கித் தொட்டியில் விரிக்கிறார்கள். நான்கடி அகலம், ஆறடி நீளம், முக்கால் அங்குலத் தடிப்பு. பெரும்பாலும் பழைய டயர் ரப்பரில் செய்தது, கனம் 45 கிலோ அளவுக்கு வரும். நான்கடி அகல ப்ளைவுட் படுத்துக் கிடக்கும்படி முழு அளவு வண்டிகளின் தொட்டி அமைந்திருப்பதால், இரு சக்கர மேடுகளுக்கும் நடுவே இந்த விரிப்பு பொருந்திவிடும்; ஐந்தரை அடித் தொட்டி என்றால் நீளத்தை மட்டும் சற்று வெட்டிக்கொள்ள வேண்டும். சுவர்களை இது காக்காது, தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஆனால் மேலிருந்து விழும் அடியை வாங்கும், சரக்கைச் சறுக்கவிடாது, எடுத்து உதறி வெயிலில் காயவைக்கலாம். கிழிந்தால் இன்னொன்று வாங்கலாம்.

பழைய வண்டி வாங்குகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. தொட்டியில் பிளாஸ்டிக் லைனர் இருந்தால், அதைக் கழற்றி அடியைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் விலையைக் குறையுங்கள், அல்லது வேறு வண்டி பாருங்கள்.

நம் ஊருக்கும் பொருந்தும்

நம் லாரிகளில் பலகைத் தளம் இன்றும் உண்டு. நாமக்கல், திருச்செங்கோட்டுப் பட்டறைகளில் பாடி கட்டுகிறவர்களுக்கு, கெட்ட பலகையை மட்டும் கழற்றி மாற்றுவது அன்றாட வேலை. ஆனால் 2005இல் டாடா ஏஸ் வந்து, குட்டி யானை என்று பெயரெடுத்துத் தெருவெல்லாம் நிறைந்த பிறகு, சின்ன வண்டிக்காரர்களின் தளம் தகடாகிவிட்டது. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புநீரும் மிச்சிகனின் பனி உப்பு செய்யும் வேலையையே செய்கின்றன. பொத்தல் விழுந்த தளத்தின்மேல் செக்கர் பிளேட் வைத்து வெல்டிங் அடித்துவிட்டால் துரு மறையும், நிற்காது. பழைய துருவை முழுக்க நீக்கி, ப்ரைமர் அடித்து, அதன்மேல் எடுத்துப் போடும்படி ஒரு ரப்பர் மேட் விரிப்பதே நீடிக்கும் சிக்கனம்.

அன்றைய பலகை சொன்ன பாடம் இன்றும் செல்லும். தேய்கிற பாகத்தைத் தனியாக வையுங்கள், அதை எடுத்துப் பார்க்கவும் மாற்றவும் வழி இருக்கட்டும். எந்த லைனர் போட்டாலும், மாதம் ஒருமுறை தொட்டியைக் கழுவி, தண்ணீர் வடியும் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்து, விரிப்பைத் தூக்கிக் காயவிடுங்கள். அதற்குச் செலவு ஒரு வாளித் தண்ணீரும் அரை மணி நேரமும்தான். கடையில் விற்கும் எந்த லைனரும் அந்த அரை மணி நேரத்துக்கு மாற்றாகாது.