மிச்ச நேரத்து ரசனை: சிரிப்புக் காட்சிகளும் ஆவணப்படங்களும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர், நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் (நிலக்கடலையை இப்பகுதியினர் அப்படித்தான் அழைப்பர்) விளையும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்குக் கடைத்தெருவாகவும் வட்டத் தலைமையிடமாகவும் விளங்கும் பேரூராட்சி. பால் கறந்து சொசைட்டியில் ஊற்றுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, வயலையோ கடையையோ அலுவலகத்தையோ பார்த்துத் திரும்பிச் சமைப்பது என்று நாள் கழிகிற இத்தகைய ஊரில், ஒரு தாய்க்கோ தந்தைக்கோ வீட்டில் படம் பார்க்கக் கிடைப்பது இரவில் மிஞ்சும் அரை மணியோ முக்கால் மணியோதான். அந்த மிச்ச நேரத்தில் பார்த்தவற்றைப் பற்றிப் பெற்றோர் போகிற போக்கில் சொல்லும் கருத்துகளை விமரிசகர்கள் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், நடுவே எழுந்து போனாலும் படம் புரியுமா, பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு பார்க்கலாமா என்ற இரண்டு கேள்விகளை அக்கருத்துகள் எப்போதும் எழுப்புவதால், நகைச்சுவையும் ஆவணப்படமும் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதை அறிய அவை நல்ல வழிகாட்டி.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கப்பட்ட பின்னரும் நெடுங்காலம் கிராமத்தாருக்குத் தொலைக்காட்சி என்பது பெரும்பாலும் பஞ்சாயத்துப் பெட்டியாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படத்தை ஊரே தரையில் அமர்ந்து முழுதாகப் பார்த்தது. 1993-இல் சன் டிவி வந்தது. 2006-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 14 அங்குலப் பெட்டியை எளிய வீடுகளுக்குள் கொண்டுவந்தது. 2011 முதல் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கியது. பெட்டி வீட்டுக்குள் வந்ததும் பார்க்கும் முறையே மாறியது. கூடத்தில் ஓடுகிற படத்தைச் சமையற்கட்டிலிருந்து காதால் மட்டும் தொடர்கிற பழக்கம் உருவாயிற்று. வசனத்தையே உயிராகக் கொண்ட தமிழ் நகைச்சுவைக்கு இது எவ்விதக் குறையையும் உண்டாக்கவில்லை.

நடுவே எழுந்து போனாலும் தமிழ் நகைச்சுவை புரிவதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. தமிழ்த் திரைப்படத்தில் 'காமெடி டிராக்' எனப்படுவது, மூலக்கதையோடு மெல்லிய தொடர்பு மட்டும் கொண்டு, தனியாக எழுதப்பட்டுப் படத்தில் ஆங்காங்கே சேர்க்கப்படும் நகைச்சுவைப் பகுதியாகும். என்.எஸ்.கிருஷ்ணன் தம் பகுதிகளைத் தாமே எழுதி, டி.ஏ.மதுரத்துடன் நடித்து, பிறர் படங்களுக்கு அளித்த காலத்திலேயே இம்முறை வேரூன்றிவிட்டது. கவுண்டமணி–செந்தில் இணைக்கு நகைச்சுவைப் பகுதிகளை எழுதிய ஏ.வீரப்பனைப் போன்றோர், இயக்குநருக்குக் கதை எழுதுவதிலிருந்து வேறான ஒரு தொழிலாகவே இதனை வளர்த்தனர். 1989-இல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சியை ரசிப்பதற்கு, அப்படத்தின் காதற்கதையில் ஒரு வரிகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இவ்வாறு கழற்றி எடுக்கத்தக்கதாகக் கட்டப்பட்டிருந்த காரணத்தால்தான், பிற்காலத்தில் ஆதித்யா, சிரிப்பொலி போன்ற அலைவரிசைகள் நகைச்சுவைத் துண்டுகளை மட்டுமே நாள் முழுதும் ஒளிபரப்ப முடிந்தது. படத்தை விடத் துண்டே நீடித்து வாழ்கிறது என்பதற்கு, 2001-இல் வெளியான 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற காண்ட்ராக்டர் நேசமணி வேடம் 2019 மே மாதத்தில் சமூக ஊடகங்களில் உலக அளவில் பேசப்பட்டதைக் காட்டலாம்.

முழுநீள நகைச்சுவைப் படம் இதற்கு நேர்மாறானது. ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' (1964), கே.பாலசந்தர் இயக்கிய 'தில்லுமுல்லு' (1981), சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கத்தில் கிரேசி மோகன் வசனம் எழுதிய 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) ஆகியவற்றில் ஒரு பொய்யைக் காக்க இன்னொரு பொய், ஓர் ஆளுக்குப் பதிலாக மற்றோர் ஆள் என்று குழப்பம் அடுக்கடுக்காக ஏறுகிறது. 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் வரும் நான்கு கமல்ஹாசன்களுள் யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதைப் பத்து நிமிடம் தவறவிட்டவர் அடுத்த அரை மணி நேரம் மற்றவர்கள் சிரிப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆயினும் பலமுறை பார்த்துப் பழகிய வீடுகளில் இப்படங்களும் துண்டுகளாகிவிட்டன. 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து செல்வோர் ஏராளம்.

துண்டாகப் பார்ப்பதை ரசனைக் குறைவு என்று கருதுவோர், திருவண்ணாமலை மாவட்டத்தின் தெருக்கூத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். செய்யாறு அருகேயுள்ள புரிசை, கண்ணப்பத் தம்பிரான் போன்ற கூத்துக் கலைஞர்களால் அறியப்பட்ட ஊர். திரௌபதி அம்மன் கோயில்களில் நடைபெறும் பாரத விழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழ்வது இவ்வட்டார வழக்கம். கூத்தில் முதலில் தோன்றும் கட்டியக்காரன், பாத்திரங்களை அறிமுகம் செய்வதோடு, தேவைப்படும்போது காவலனாகவும் தோழியாகவும் மாறி, உள்ளூர்ச் செய்திகளைக் கேலி செய்து தூங்குவோரை எழுப்புகிறான். விடிய விடிய நடப்பதை எவரும் ஒரே மூச்சில் பார்ப்பதில்லை. குழந்தையை மடியில் கிடத்தியவாறு உறங்கி, சிரிப்பொலி கேட்டு விழித்துப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று காமெடித் துண்டுகளைப் பார்க்கிறார்கள். பகற்பிரசங்கம் விளக்கவும் இரவுக் கூத்து சிரிப்பும் அழுகையும் ஊட்டவும் செய்த அந்த ஏற்பாட்டில், ஆவணப்படத்துக்கும் நகைச்சுவைக்கும் இன்றைய வீட்டில் உள்ள வேலைப் பிரிவினையின் சாயலைக் காண்பது மிகையாகாது.

ஆவணப்படம், அதாவது உண்மை மனிதர்களையும் நிகழ்வுகளையும் கொண்டு, தேர்ந்தெடுத்துத் தொகுத்துச் சொல்லும் படம், தமிழருக்குப் புதிதன்று. ஏ.கே.செட்டியார் பல நாடுகளில் அலைந்து திரட்டிய படச்சுருள்களைக் கொண்டு உருவாக்கிய காந்தி ஆவணப்படம் 1940-இலேயே தமிழில் வெளிவந்தது. ஆனால் 1948-இல் அமைக்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷனின் படங்களைத் திரையரங்குகள் கட்டாயமாகத் திரையிட வேண்டியிருந்ததால், மக்கள் 'நியூஸ் ரீல்' என்று அழைத்த அவை, மெயின் படம் தொடங்கும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டியவையாகவே நினைவில் தங்கின. உழவர் வீடுகளில் விரும்பிப் பார்க்கப்பட்ட உண்மைப்படம் என்றால் அது தூர்தர்ஷனின் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சிதான். எனினும் அதனை ஆவணப்படம் என்று எவரும் அழைத்ததில்லை.

டிஸ்கவரி அலைவரிசை 2011-இல் தமிழுக்கென்று தனியே ஒளிபரப்பைத் தொடங்கியபோது, காடும் முதலையும் தமிழ் பேசும் குரலோடு வீட்டுக்கு வந்தன. வணிகத் தொலைக்காட்சியின் ஆவணப்படங்கள் விளம்பர இடைவேளைக்குப் பின் முன்னர் நடந்ததைச் சுருக்கி மறுபடி சொல்கின்றன. ஊன்றிப் பார்ப்பவருக்கு எரிச்சலூட்டும் இவ்வழக்கம், பிள்ளைக்குச் சோறூட்டிவிட்டு வந்து அமரும் தாய்க்குப் பேருதவி. இணையவழித் திரைத்தளங்களில் இந்தச் சலுகை இல்லை. 2023-இல் வெளியான 'தி ஹன்ட் ஃபார் வீரப்பன்' நான்கு பாகங்களாக விரிவதோடு, வன்முறை மிகுந்திருப்பதால், பிள்ளைகள் உறங்கிய பின்னரே பார்க்க வேண்டியதாகிறது. அதற்குள் பெற்றோரே உறங்கிவிடுவதும் உண்டு.

இவ்விரு இடர்ப்பாடுகளையும் கடந்த படமாக, கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' படத்தைக் குறிப்பிட வேண்டும். முதுமலை தெப்பக்காடு முகாமில் ரகு என்ற யானைக்குட்டியை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் தம் தமிழிலேயே பேசுகிற இப்படம் ஏறத்தாழ 40 நிமிடங்களே ஓடுவது. 2023 மார்ச்சில் ஆஸ்கர் விருது பெற்றது. விருதைக் காட்டிலும் அந்த நீளமும் அந்த மொழியுமே அதனை வீட்டுக்கு ஏற்றதாக்கின. குளிப்பாட்டுவது, பால் கொடுப்பது, பிரிவது என்று அதில் வருகிற வேலைகளெல்லாம் பிள்ளை வளர்ப்போர் நன்கறிந்தவை. மாடு வளர்ப்போருக்கு இன்னும் நெருக்கமானவை.

பிள்ளைகள் அருகிலிருக்கும்போது நகைச்சுவையே அதிக இடர் தருகிறது என்பது சற்று வியப்பானது. நிறத்தையும் உடற்பருமனையும் வழுக்கையையும் இழிவாகப் பேசுவது, எட்டி உதைப்பது ஆகியவற்றைப் பெரியவர்கள் பழக்கத்தால் கடந்துவிடுவர். மறுநாள் பள்ளியில் அவ்வசனத்தைப் பிள்ளை தன் தோழன்மீது பிரயோகிக்கும்போதுதான் அதன் கூர்மை தெரிகிறது. பெற்றோருக்கு உதவ எண்ணித் திரைப்படத் தணிக்கையின் 'யு/ஏ' சான்றிதழ் 2024 முதல் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இணையத் தளங்களோ 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி தாமே வயது வகைப்பாட்டைக் குறிப்பதோடு, 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான படங்களுக்குப் பெற்றோர் பூட்டும் வசதியைத் தர வேண்டும். இவையெல்லாம் முழுப்படத்துக்கு உரியவை. படத்திலிருந்து வெட்டி யூடியூபில் ஏற்றப்படும் ஐந்து நிமிடக் காமெடித் துண்டு அந்தச் சான்றிதழைச் சுமந்து வருவதில்லை. பெற்றோர் மிச்ச நேரத்தில் மிகுதியாகப் பார்ப்பதும், கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்தபின் தானாக அடுத்தடுத்து ஓடுவதும் அத்துண்டுகளே.