எலியின் கண் தப்பியது. மனிதன் கண் போனது!

விஷச் சாராயம் உடலுக்குள் செய்யும் வேலை

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுருண்டு விழுந்தார்கள். 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தச் சாராயத்தில் கலந்திருந்த விஷத்தின் பெயர் மெத்தனால்.

பெயிண்டு, வார்னிஷ் தொழில்களில் பயன்படும் திரவம் இது. முற்காலத்தில் மரக்கட்டையைச் சூடாக்கி இதை வடித்தார்கள். அதனால் 'மரச் சாராயம்' என்றும் பெயர். பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். சாராயத்தில் கலந்துவிட்டால் நாக்கினால் கண்டுபிடிக்க முடியாது.

எறும்பின் அமிலம்

மெத்தனாலைக் கொடிய விஷமாக மாற்றுவது மனிதனின் ஈரல்தான்! ஈரலில் உள்ள நொதி என்னும் பொருள் அதை முதலில் பார்மால்டிஹைடு ஆக்குகிறது. பிறகு அது பார்மிக் அமிலமாகிறது. மரத்தில் இலைக்கூடு கட்டும் முசுறு எறும்பு கடித்தால் சுரீரென்று எரிகிறதே, அந்த அமிலம்தான் இது.

இந்த அமிலம் தேங்கினால், உடம்பின் உயிரணுக்கள் பிராண வாயுவைப் பயன்படுத்த முடியாமல் திணறுகின்றன. கண் நரம்பு கடுமையாக அடிபடுகிறது.

எலியும் குரங்கும்

விஞ்ஞானிகளுக்கு ஆரம்பத்தில் ஒரு குழப்பம். மெத்தனால் கொடுத்த எலிகளுக்குப் பார்வை போகவில்லை! 1970-களில் குரங்குகளிடம் சோதித்தபோது உண்மை விளங்கியது. எலியின் ஈரல் 'போலேட்' என்னும் சத்தின் உதவியால் அமிலத்தை விரைவில் அழித்துவிடுகிறது. குரங்குக்கும் மனிதனுக்கும் அந்த வேகம் இல்லை.

இதைவிடப் பழைய கதை ஒன்றும் உண்டு. இன்றுள்ள பிராணிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, 2014-ல் வெளிவந்த ஆராய்ச்சி அது. மனிதன், சிம்பன்சி, கொரில்லா மூன்றுக்கும் பொதுவான மூதாதையிடம், சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒரு நொதி மாறியது. சாதாரணச் சாராயப் பொருளான எத்தனாலைச் சிதைக்கும் திறன் 40 மடங்கு கூடியது. தரையில் விழுந்து புளித்த பழங்களைத் தின்னத் தொடங்கியதே காரணமாகலாம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. புளித்த பழத்தைத் தாங்கப் பழகிய உடல், மெத்தனாலைத் தாங்கப் பழகவில்லை.

போதை தெளிந்த பிறகு...

குடித்த 12 முதல் 24 மணி நேரம் வரை பெரிய தொல்லை எதுவும் தெரியாமல் இருக்கலாம். பிறகு வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு வரும். கண் முன் பனிமூட்டம் போல் தோன்றும். ஆஸ்பத்திரியில், ஈரல் நொதியைத் தடுக்க 'போமிபிசோல்' ஊசி உண்டு. டயாலிசிஸ் மூலம் ரத்தத்திலிருந்து விஷத்தைப் பிரிக்கவும் முடியும். ஆனால் நேரம் கடந்தால் உயிர் பிழைத்தவருக்கும் பார்வை திரும்பாமல் போகலாம்.

கருணாபுரத்தில் தாய், தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளும் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. அப்பாவும் அம்மாவும் இருந்த இடத்தை நிரப்ப யாரால் முடியும்?

கல்வராயன் மலையில் போலீசார் சாராய ஊறலை அழிப்பது அடிக்கடி வரும் செய்தி. ஊறல் அழிந்தாலும் ஆசை அழிவதில்லை. ஆகவே, வீட்டில் உள்ள பெண்களும் பிள்ளைகளும் ஒன்றை நினைவில் வைப்பது நல்லது. குடித்தவர் "கண் மங்குகிறது" என்றால், போதை என்று எண்ணிப் படுக்க வைக்கக்கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அவருடன் சேர்ந்து குடித்தவர்களையும், நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், கூடவே அழைத்துச் செல்ல வேண்டும்.