பயிற்சி ஆசிரியர் நம் பள்ளிக்கு வருவது ஏன்?

இவ்வாண்டு இப்பக்கத்தை ஒரு தாயாரின் கேள்விக்கு விடையளிக்கப் பயன்படுத்திக் கொள்கிறோம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து, "ஐயா, இன்னும் படித்து முடிக்காதவர்களை வகுப்பில் விடுகிறீர்கள். அவர்கள் பழகிப் பார்ப்பதற்கு எங்கள் பிள்ளைகளா கிடைத்தார்கள்?" என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

புதிதாகப் பால்வெட்டப் பழகுபவரை நல்ல மரங்களில் விடுவதில்லை என்பதைத் தோட்டத்து மக்கள் அறிவர். உளி ஆழமாக இறங்கினால் மரம் புண்படும். அவ்விடத்தில் பட்டை மீண்டும் சீராக வளராது. ஆதலால் விரைவில் வெட்டி வீழ்த்தவிருக்கும் கிழமரங்களிலே பழகவிடுவர். பிள்ளைகளில் கிழமரம் என்று ஒன்றில்லை. ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் நாள்கள் ஒருமுறைதான் வருகின்றன. அத்தாயாரின் அச்சம் இதுவே. அது நியாயமான அச்சம்.

ஆயினும் வகுப்பில் நிற்காமல் ஆசிரியராவதற்கு வழியில்லை. இன்று தொடக்கப்பள்ளித் தமிழாசிரியராக விரும்புவோர் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் ஆசிரியர் கல்விக் கழகத்தில் ஓராண்டு அடிப்படைப் படிப்பும் 4 ஆண்டுப் பட்டப்படிப்பும் பயில்கின்றனர். இலக்கணம், இலக்கியம், உளவியல், கற்பித்தல் முறை யாவும் அங்கே உண்டு. நுண்ணிலைக் கற்பித்தல் என்றொரு பயிற்சியும் உண்டு. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. சக பயிற்சியாளர்கள் மாணவர்களாக அமர, ஒருவர் ஐந்து பத்து நிமிடம் கற்பிப்பார். குறைநிறைகளைக் கேட்டுத் திருத்திக்கொண்டு மீண்டும் கற்பிப்பார். நல்ல முறைதான். ஆனால் அங்கே அமர்ந்திருக்கும் 'மாணவர்' எவரும் பென்சிலைத் தொலைப்பதில்லை, பசியோடு வருவதில்லை, எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்தவர்கள்.

ஆகவேதான் பயிற்றுப்பணிக்கென அவர்களைப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். முதலில் சில நாள் வகுப்பின் பின்னே அமர்ந்து பார்த்துக் குறிப்பெடுப்பர். கற்பிக்கும் காலமும் படிப்படியாகவே நீளும். பல்லாண்டு கைக்கொள்ளப்பட்ட ஒழுங்கில் அது 4 வாரம், 8 வாரம், 12 வாரம் என மூன்று கட்டங்களாக இருந்தது. ஒவ்வொரு பாடத்திற்கும் முன்னதாக நாள் பாடத்திட்டம் எழுதவேண்டும். பாடம் முடிந்தபின் எது கைகூடியது, எது கைகூடவில்லை என்று சிந்தனை மீட்சி எழுதவேண்டும். பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரும் கழக விரிவுரையாளரும் வகுப்பில் அமர்ந்து மேற்பார்வையிடுவர். பிள்ளைகளின் பொறுப்பு அப்போதும் வகுப்பாசிரியரிடமே இருக்கும்.

நாமும் 1991இல் ஒரு தோட்டப் பள்ளிக்குப் பயிற்சி ஆசிரியராகச் சென்றோம். மூன்றாம் ஆண்டு வகுப்பு. "உன் தந்தை காலையில் என்ன செய்வார்?" என்று ஒரு சிறுவனைக் கேட்டோம். "எங்கப்பா பெரட்டுக்குப் போயிட்டு, மங்கு தொடச்சி, பால் வெட்டுவாரு சார்" என்றான். அதை அப்படியே கரும்பலகையில் எழுதி, 'பெரட்டு', 'மங்கு' என்னும் சொற்களின் கீழ்ச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, "இவை தமிழா?" என்று வகுப்பைக் கேட்டோம். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தனர். சிறுவன் அமர்ந்துவிட்டான்.

அடுத்த வாரம் விரிவுரையாளர் வந்தார். மின்னட்டைகளும் கரும்பலகை எழுத்தும் அவருக்குப் பிடித்திருந்தன. நல்ல புள்ளிகள் கிடைத்தன. அவர் சென்றபின் சிற்றுண்டிச்சாலையில் வழிகாட்டி ஆசிரியர் நமக்குத் தேநீர் வாங்கித் தந்து, "தம்பி, பாடம் நன்றாக இருந்தது. அந்தப் பையன் வகுப்பில் பேசி எத்தனை நாளாயிற்று?" என்று மட்டும் கேட்டார். எட்டு நாள்கள் ஆகியிருந்தன. அதன்பின் எவ்வளவோ முயன்றோம். அவன் சொல்லைப் பலகையின் ஒரு புறமும் எழுத்துத் தமிழை மறுபுறமும் எழுதி, இரண்டும் வேண்டியவையே என்று விளக்கினோம். மற்றப் பிள்ளைகள் விரும்பிக் கற்றனர். நாம் விடைபெற்ற நாள்வரை அச்சிறுவன் வாய் திறக்கவில்லை.

நம் பள்ளிக்கு வரும் ஒவ்வொரு பயிற்சி ஆசிரியருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறோம்.

மொழிப்பாடத்தில் நூல் காட்டாத வேறு இடர்களும் உண்டு. லகரத்திற்கு நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்திற்கு வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ழகரத்திற்கு வளைந்தும் தொடாது நிற்கும். இதைப் படம் வரைந்து விளக்கிவிட்டால் போதும் என்று நம்பித்தான் பயிற்சி ஆசிரியர் வருகிறார். 'வாளைப்பளம்' என்று சொல்லும் பிள்ளைக்கு இரண்டு ஒலிகளின் வேறுபாடே காதில் விழவில்லை என்பதை வகுப்பில்தான் கண்டுகொள்கிறார். முதலில் செவி பழகவேண்டும், பின்னரே நா என்று தம் பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதுகிறார். மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்வதும் உண்டு. அங்கே ஒரு பாதிக்கு எழுத்துவேலை தந்து மறு பாதிக்குக் கற்பிப்பது தனிக்கலை.

இனி, அத்தாயாருக்கு நேரடி விடை. பிள்ளைகளுக்கு இழப்பே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். சில பாடங்கள் சறுக்கும். அவற்றை வகுப்பாசிரியர் மீண்டும் நடத்துகிறார். ஒன்றாம் ஆண்டு வாசிப்புப் பாடத்தை நாம் பயிற்சி ஆசிரியரிடம் முழுமையாக ஒப்படைப்பதில்லை. இதில் விரிவுரையாளர் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு, இருக்கட்டும். மறுபுறம், ஒரு வகுப்பில் இரண்டு ஆசிரியர் இருக்கும் வாரங்களில், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அமர்த்திப் படிக்க வைக்க முடிகிறது. வேறெந்த நாளிலும் நமக்கு அது வாய்ப்பதில்லை.

பயிற்சி ஆசிரியர்களின் பாடத்திட்டக் கோப்பு அலுவலக மேசையில் இருக்கும். வேலை முடிந்து வரும் பெற்றோர் எவரும் கேட்டுப் பார்க்கலாம். வகுப்பில் அமர்ந்து பார்க்க விரும்பினால் முதல் நாள் சொல்லியனுப்புங்கள். பின்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம். கேள்வி கேட்ட தாயாருக்கு முதல் நாற்காலி.