‘லேட்’ வேறு, ‘டூ லேட்’ வேறு

காலைப் பெரட்டுக்குப் பிந்தினால் லேட். பள்ளி பஸ்ஸைத் தவறவிட்டால் லேட். கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் இதை ஆங்கிலச் சொல்லாகவே யாரும் நினைப்பதில்லை. அந்தப் ‘பெரட்டு’கூட ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்தில் எடுத்த வடிவம்தான்.

பழைய ஆங்கிலத்தில் ‘லேட்’ என்ற சொல்லின் மூலத்திற்கு ‘மெதுவான’ என்று பொருள். நேரம் தவறிய என்ற பொருளும் அதிலிருந்தே நிலைபெற்றது.

பெயருக்கு முன்னால் வந்தால் பொருளே மாறிவிடும். ‘ராமன் லேட்’ என்றால் அவர் இன்னும் வந்து சேரவில்லை. ‘லேட் ராமன்’ என்றால் அவர் மறைந்துவிட்டார். நாமும் இறந்தவரைக் ‘காலமானார்’ என்று காலத்தோடு சேர்த்துத்தான் சொல்கிறோம். மலாய் மொழியின் ‘லேவாட்’ தாமதத்தைக் குறிக்கும், மறைந்தவரைக் குறிக்காது. மறைந்த முஸ்லிம் அல்லாதவரைக் குறிக்க ‘மெண்டியாங்’ என்ற சொல் இருக்கிறது.

குழப்பம் நம் பேச்சுத் தமிழில்தான். ‘லேட்டாயிடுச்சு’ என்றால் நேரமாகிவிட்டது என்றும் பொருள், இனிப் பயனில்லை என்றும் பொருள். ஆங்கிலத்தில் இரண்டாவதைச் சொல்ல ‘டூ லேட்’ என்பார்கள். இந்த வேறுபாடு தெரியாமல் போனால் ஒரு பிள்ளையின் எதிர்காலமே பாதிக்கப்படலாம்.

தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாள்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பிறப்பைப் பதிய வேண்டும். அதைத் தாண்டினால் அது ‘லேட் ரெஜிஸ்ட்ரேஷன்’, அதாவது தாமதப் பதிவு. ‘லேட்டாயிடுச்சு, இனி எதுக்குப் போய்க்கிட்டு?’ என்று சிலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். சூராட் பெரானாக் இல்லாமல் பிள்ளை வளர்கிறது. பள்ளியில் சேர்க்கும்போதும், 12 வயதில் ஐசி எடுக்கும்போதும் சிக்கல் முன்னே வந்து நிற்கிறது.

தாமதப் பதிவு என்ற பெயரே வழி இன்னும் இருப்பதைச் சொல்கிறது. வழியில்லை என்றால் அதற்கென ஒரு பதிவு முறை எதற்கு? அபராதம் இருக்கலாம், பிறந்த இடத்திற்கான சான்று, பெற்றோரின் ஐசி, திருமணச் சான்றிதழ் போன்றவற்றைக் கேட்பார்கள். நாள் கடந்துகொண்டே போனால் பழைய பதிவேடுகளையும் சாட்சிகளையும் தேடுவது கடினமாகும்.

இரண்டு விஷயங்களை மறக்கக்கூடாது. பிறப்பைப் பதிந்ததாலேயே குடியுரிமை கிடைத்துவிடாது. அது பெற்றோரின் நிலையைப் பொறுத்தது. அடுத்து, 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, கோயிலில் தாலி கட்டினாலும் திருமணத்தைப் பதிந்தாக வேண்டும். பதியாவிட்டால், நாட்டில் பிறந்த பிள்ளையின் குடியுரிமைக்குத் தாயின் நிலையையே பார்ப்பார்கள். தகப்பன் குடிமகனாகவும் தாய் வெளிநாட்டவராகவும் உள்ள குடும்பங்களுக்கு இது பெரும் சிக்கல்.

உங்கள் லயத்திலோ தாமானிலோ பத்திரம் இல்லாத பிள்ளை இருந்தால், பெற்றோரிடம் ‘லேட்டாயிடுச்சே’ என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ‘லேட்தான், ஆனா இன்னும் போகலாம்’ என்று சொல்லி, முடிந்தால் முகப்பு வரை கூடவே போய் வாருங்கள்.